ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே: வானொலிக்கு ஒரு நகைச்சுவைத் தொடரை முன்மொழிவது

“நாலாவது எபிசோடில் என்ன நடக்கும்?”

எந்த நிகழ்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது என்று முடிவெடுக்கும் கமிஷனிங் எடிட்டர், ஒரு நகைச்சுவை முன்மொழிவைக் கையில் எடுத்ததும் தேடுவது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். முதல் எபிசோடு யாருக்கும் வரும். மாதக்கணக்கில் மனதில் ஊறிய சரக்கெல்லாம் அதில்தான் கொட்டிக் கிடக்கும். அதில் மிச்சமானதை வைத்து இரண்டாவதை ஒப்பேற்றிவிடலாம். மூன்றாவதில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பெட்டியோடு வந்து இறங்குவார். நாலாவதில்தான் குட்டு வெளிப்படும். எழுதுகிறவர் கையில் இருப்பது ஊற்றா, குடத்துத் தண்ணீரா என்பது அங்கே தெரிந்துபோகும்.

ஊற்று என்றால் என்ன என்பதற்கு வானொலியில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. பிபிசி ரேடியோ 4-இல் 1967 டிசம்பரில் தொடங்கிய ‘ஜஸ்ட் எ மினிட்’. கொடுத்த தலைப்பில் ஒரு நிமிடம் பேச வேண்டும். தயங்கக் கூடாது, சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. மொத்த நிகழ்ச்சியும் இவ்வளவுதான். இந்த மூன்றும் வாயைத் திறந்த எந்த மனிதனும் தன்னை அறியாமல் செய்கிற காரியங்கள். ஆக, யார் பேசினாலும் தப்பு நடந்தே தீரும். நடந்தால் எதிராளி குறுக்கிடுவார். குறுக்கிட்டது நியாயமா என்று வழக்கு நடக்கும். எழுத்தாளருக்குச் சரக்கு தீர்ந்துபோனாலும் விதிகளுக்குத் தீராது. அரை நூற்றாண்டு தாண்டி ஓடியிருக்கிறது. (அதன் பைலட், அதாவது வெள்ளோட்டமாகப் பதிவு செய்த முதல் எபிசோடு, நிலையத்தாருக்குப் பிடிக்கவில்லை, தயாரிப்பாளர் டேவிட் ஹாட்ச் விடாப்பிடியாக நின்றுதான் தொடராக்கினார் என்பது உபரித் தகவல். பைலட்டைக் கேட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்கள் எல்லா நிலையத்திலும் உண்டு.)

உங்கள் யோசனையில் அந்த மாதிரி, தானாகவே சண்டையை உண்டாக்கும் விதி எது? அதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிற வரை எதையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

அனுப்புவது யாருக்கு என்பதில் முதல் சறுக்கல் நடக்கிறது. நிலையத்தின் பொது முகவரிக்கு அனுப்பினால் அது பெரும்பாலும் யார் மேசைக்கும் போகாது. பெரிய ஒலிபரப்பு நிறுவனங்கள் தனி எழுத்தாளரிடமிருந்து நேரடியாக வாங்குவது அபூர்வம். உள்ளே இருக்கும் தயாரிப்புப் பிரிவு மூலமாகவோ, வெளியிலுள்ள தயாரிப்பு நிறுவனம் மூலமாகவோதான் முன்மொழிவு போகும். அப்படியென்றால் நீங்கள் முதலில் பிடிக்க வேண்டிய ஆள் தயாரிப்பாளர். உங்கள் யோசனைக்கு நெருக்கமான தொனியில் இருக்கும் நிகழ்ச்சிகள் மூன்றைக் கேளுங்கள், முடிவில் வாசிக்கப்படும் தயாரிப்பாளர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அவருக்கு எழுதுங்கள். கடிதத்தில் அவருடைய நிகழ்ச்சியின் குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பற்றி ஒரு வரி இருந்தால் போதும். ‘தங்கள் நிகழ்ச்சிகளின் பரம ரசிகன்’ என்பது எதையுமே கேட்காதவர் எழுதுகிற வரி என்று அவருக்குத் தெரியும்.

விளம்பரத்தில் ஓடும் எஃப்எம் நிலையங்களில் கதை வேறு. அங்கே நிகழ்ச்சித் தலைவர் முடிவெடுப்பார், ஆனால் பக்கத்தில் விற்பனைப் பிரிவு உட்கார்ந்திருக்கும். அரை மணி நேர சிட்காமுக்கு (அதே பாத்திரங்கள் எபிசோடுதோறும் வரும் நகைச்சுவைத் தொடர்) அங்கே பெரும்பாலும் இடம் இருக்காது. அவர்கள் வாங்குவது கேப்ஸ்யூல்: 60 முதல் 90 நொடி, நாளுக்கு இரண்டு மூன்று முறை ஒலிக்கும் துணுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 5 வீதம் 13 வாரத்துக்கு 65 துணுக்கு. ஆகவே கேப்ஸ்யூல் முன்மொழிவோடு இரண்டு மாதிரி வைத்தால் நம்ப மாட்டார்கள். 15 முழு ஸ்கிரிப்டும், இன்னும் 30-க்கு ஒற்றை வரியும் வையுங்கள். கடைசி வரியில் எந்த ஸ்பான்சர் பெயரையும் நகைச்சுவையைக் குலைக்காமல் ஒட்ட முடியுமா என்பதையும் யோசித்துவிடுங்கள். கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

இனி ஸ்லாட், அதாவது நிகழ்ச்சி ஒலிக்கும் நேரம். பல பொது ஒலிபரப்பாளர்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை முன்மொழிவுகள் கேட்டு ஒரு சுற்று அறிவிப்பார்கள்: இந்த நேரத்துக்கு, இத்தனை நிமிடத்தில், இத்தனை எபிசோடு, இந்தத் தொகைக்குள், இப்படிப்பட்ட நேயர்களுக்கு. அந்த அறிவிப்பை வாசிக்காமல் வருகிற முன்மொழிவுகள் முதல் சல்லடையிலேயே விழும். மாலையில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் கேட்கும் நேரமும், இரவு 11 மணிக்குத் தனியாகக் கேட்கிறவரின் நேரமும் ஒன்றல்ல. முன்னதில் குழந்தையும் பாட்டியும் பக்கத்தில் இருக்கலாம். கவனம் பாதிதான் இருக்கும். கதை சிக்கலானால் தொலைந்துபோவார்கள். பின்னதில் விநோதமான சோதனைகளுக்கு இடம் உண்டு. யோசனை ஒன்றே என்றாலும் ஸ்லாட்டுக்கு ஏற்றபடி தொனியையும் நீளத்தையும் மாற்றி எழுதியாக வேண்டும். ‘எந்த நேரத்துக்கும் பொருந்தும்’ என்றால், எந்த நேரத்துக்கும் யோசிக்கப்படவில்லை என்றே வாசிப்பார்கள்.

முன்மொழிவின் உடம்புக்கு வருவோம். முதல் கட்டத்துக்கு 200 சொல்லுக்குள். கூப்பிட்டால்தான் இரண்டு பக்கம். அதற்கு மேல் யாரும் வாசிப்பதில்லை. ஒரே யோசனையை இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம். முதலில் நிறைய வந்து குவிகிற வகை:

“‘லிஃப்ட் கலாட்டா’ வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் தொடர். நவீன நகர வாழ்க்கையின் அவலங்களை நையாண்டியோடு படம்பிடிக்கும் இதில் காதல், சென்டிமென்ட், சஸ்பென்ஸ் எல்லாம் உண்டு. எல்லா வயதினரும் ரசிக்கலாம். பிரபல நகைச்சுவை நடிகர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.”

இதில் ஒரு தகவல்கூட இல்லை. ‘வயிறு குலுங்க’ என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் வாசிக்கிறவர். ‘கலாட்டா’ என்று தலைப்பில் போட்டாலே உள்ளே கலாட்டா இருக்காது என்ற சந்தேகம் வரும். பேசிக்கொண்டிருக்கும் நடிகரைப் பற்றிப் பிறகு. இப்போது இன்னொன்று:

“ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே. சிட்காம், 6 × 28 நிமிடம். பார்வையாளர் இல்லாத ஸ்டுடியோப் பதிவு. நிரந்தரக் குரல் 3, எபிசோடுக்கு விருந்தினர் 2.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் அவசரப் பொத்தானை அழுத்தினால் மணி அடிப்பது சாரதாவின் மேசையில். இரவுப் பணி. மெக்கானிக் போய்ச்சேர 25 நிமிடம் ஆகும். அதுவரை பேச்சுக்கொடுத்து, மாட்டிக்கொண்டவர் பதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. சாரதா 30 வருடம் டீச்சராக இருந்தவர். யார் பிழையாக எதைச் சொன்னாலும் திருத்தாமல் இருக்க முடியாது. பக்கத்து மேசை மோகனுக்குப் பொய் வராது, ‘கயிறு அறுந்துடுமா?’ என்று கேட்டால் யோசிப்பான். ஸ்பீக்கரில் மட்டும் வரும் மேலதிகாரிக்கு ஒவ்வொரு அழைப்பையும் 4 நிமிடத்தில் முடிக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் உள்ளே இருக்கும் நேரமும் எபிசோடு ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்று.

எபிசோடு 1: உள்ளே இருவர். காலையில் வேலை கேட்டுப் போனவரும், இல்லை என்று சொன்னவரும். எபிசோடு 4: மாட்டிக்கொண்டது மெக்கானிக்கே. எபிசோடு 6: உள்ளே இருப்பது சாரதா, மேசையில் மோகன் மட்டும்.”

இரண்டாவதில் சிரிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிரிப்பு வரும் வழி இருக்கிறது. திருத்துகிறவரும் பொய் சொல்லத் தெரியாதவரும் சேர்ந்து, பயந்துபோன ஒருவரை ஆறுதல்படுத்த வேண்டும்; இருவருமே அந்த வேலைக்கு லாயக்கற்றவர்கள்; மேலிருந்து அவசரப்படுத்துகிறார்கள். யார் பொத்தானை அழுத்தினாலும் இந்தச் சக்கரம் சுற்றும். நாலாவது எபிசோடும் வந்துவிட்டது. செலவு எவ்வளவு என்றும் தயாரிப்பாளர் ஊகித்துவிடலாம்: ஒரு களம், ஐந்து குரல்.

‘இது ஏன் வானொலிக்கு?’ என்ற கேள்விக்கும் பதில் உள்ளேயே இருக்கிறது. பேசிக்கொள்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நேயரும் பார்க்க முடியாது. மூவரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள். டிவிக்கு எழுதி, அங்கே போகாததால் திசைதிருப்பி வானொலிக்கு அனுப்பிய முன்மொழிவுகளை எடிட்டர்கள் வாசனையிலேயே கண்டுபிடிப்பார்கள். ‘அவன் சட்டையைப் பார்த்ததும் எல்லோரும் சிரிக்கிறார்கள்’ என்று எங்காவது ஒரு வரி இருக்கும்.

மாதிரிப் பக்கங்கள் கேட்டால் முதல் 10 பக்கத்தை மட்டும் கொடுங்கள். முதல் பக்கம் இப்படி இருக்கலாம்:

(பொத்தான். மணி இரண்டு முறை. சின்ன இரும்பறைக்குள் எதிரொலிக்கும் குரல்.)

ஆண்: ஹலோ! ஹலோ! யாராவது இருக்கீங்களா?

சாரதா: இருக்கேன். சொல்லுங்க தம்பி.

ஆண்: லிஃப்ட் நின்னுபோச்சு மேடம்!

சாரதா: எத்தனாவது மாடி?

ஆண்: ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல.

சாரதா: அப்படி ஒரு மாடி ஃபார்ம்ல இல்லையே. ஏழுன்னு போடவா, எட்டுன்னு போடவா?

ஆண்: எதையாவது போடுங்க மேடம்!

சாரதா: போன வாரம் ஒருத்தர் இப்படித்தான் சொன்னார். ஒன்பதுன்னு போட்டேன். மெக்கானிக் இன்னும் தேடிட்டிருக்கார். அந்தக் கட்டடத்துல மொத்தமே ஆறு மாடி. சரி, உள்ள நீங்க மட்டும்தானா?

ஆண்: இன்னொருத்தர் இருக்கார்.

சாரதா: யாரு?

ஆண்: (தாழ்ந்த குரலில்) இன்னைக்குக் காலையில எனக்கு வேலை இல்லைன்னு சொன்னவர்.

(இடைவெளி.)

சாரதா: ‘இல்லைன்னு’ சொன்னாரா, ‘சொல்றேன்’னு சொன்னாரா?

இந்த அரைப் பக்கத்தில் இடம், நிலைமை, சாரதாவின் குணம், எபிசோடின் சண்டை எல்லாம் வந்துவிட்டன. யாரும் ‘வணக்கம், நான்தான் சாரதா, லிஃப்ட் அவசர உதவி மையத்தில் 3 வருடமாக வேலை பார்க்கிறேன்’ என்று சொல்லவில்லை. புதிதாக எழுதுகிறவர்கள் முதல் இரண்டு பக்கத்தை இப்படியான அறிமுகத்திலேயே கரைத்துவிடுவார்கள். எடிட்டர் அங்கேயே மூடிவைப்பார்.

காதுக்கு எழுதுவதில் சில கறாரான சங்கதிகள் உண்டு. ஒரு காட்சியில் ஒரே சமயத்தில் நாலு குரலுக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது குரல் யாருடையது என்று கேட்பவர் யோசிக்கும் நேரத்தில் அடுத்த ஜோக் போய்விடும். நாலு குரலும் வயதிலோ, பாலிலோ, வேகத்திலோ, பேச்சு வழக்கிலோ வேறுபட வேண்டும். ஒரே வயதுள்ள மூன்று நண்பர்கள் என்பது ஏட்டில் அழகாக இருக்கும், காதில் ஒரே ஆள் தனக்குத்தானே பேசுவது போல ஒலிக்கும். வானொலியில் பேசாத ஆள் செத்த ஆள். இரண்டு நிமிடம் சும்மா இருந்தவர் திடீரென்று வாய் திறந்தால் நேயர் திடுக்கிடுவார். அதையே ஜோக்காகப் பயன்படுத்தினால் பிரமாதம். தெரியாமல் நடந்தால் பிழை. ஒருவர் காட்சியில் இருக்கிறார் என்பதை மற்றவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நினைவூட்டலாம், ஆனால் வரிக்கு வரி ‘என்ன மோகன்’, ‘ஆமாம் மோகன்’ என்றால் நாடகத்தனம் வந்துவிடும்.

சவுண்ட் எஃபெக்ட் விஷயத்தில் கைச்சிக்கனம் நல்லது. எது என்று சொல்லாமலே புரியும் ஒலிகள் குறைவு: மணி, கதவு, கண்ணாடி உடைவது, தண்ணீர், வண்டி ஹாரன். மழையும் எண்ணெயில் பொரிவதும் கேட்பவருக்கு ஏறக்குறைய ஒன்றே. பொரிகிறது என்று யாராவது சொன்னால்தான் பொரியும். ‘மர்மமான ஒலி’ என்று ஸ்கிரிப்டில் எழுதுவது ஒலிப்பதிவாளருக்கு எழுதுகிற வேண்டுதல், குறிப்பு அல்ல. என்ன பொருள், எந்தத் தரையில் விழுகிறது, எவ்வளவு தூரத்தில் என்று எழுதுங்கள். இன்னொன்று: மௌனம் வானொலியில் விலை உயர்ந்த ஜோக். 2 நொடி இடைவெளி சிரிப்பைத் தரும். 6 நொடி ஆனால் ஒலிபரப்பு நின்றுவிட்டதோ என்று கேட்பவர் பெட்டியைத் தட்டுவார்.

நீளம். அரை மணி ஸ்லாட் என்றால் செய்தி, அறிவிப்பு எல்லாம் போகக் கையில் 28 நிமிடம் மாதிரி இருக்கும். ஆங்கில வானொலியில் நொடிக்கு 3 சொல் என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. தமிழில் வேற்றுமை உருபும் வினைமுற்றும் ஒட்டி ஒட்டிச் சொல் நீண்டுவிடுவதால் அது உதவாது. ஒரே வழி ஸ்டாப்வாட்ச். தனியாக, வாய்விட்டு, நடிப்பு வேகத்தில் படியுங்கள். மனதுக்குள் படித்தால் நிச்சயம் குறைவாகக் காட்டும். பார்வையாளர் முன்னால் பதிவு என்றால் சிரிப்பே 3, 4 நிமிடத்தை விழுங்கும், ஆகவே ஸ்கிரிப்ட் படித்துப் பார்க்கையில் 24 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பார்வையாளர் இல்லாவிட்டால் 30 நிமிடத்துக்கு எழுதி எடிட்டிங்கில் 2 நிமிடம் வெட்டுவது வசதி. குறைவாக எழுதி இழுத்த நகைச்சுவை போல நரகம் வேறில்லை.

பார்வையாளர் வேண்டுமா, வேண்டாமா என்பதை முன்மொழிவிலேயே முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் எழுத்தே மாறுகிறது. கூட்டம் இருந்தால் ஜோக் தெளிவாக, பஞ்ச் வரியின் கடைசிச் சொல்லில் விழ வேண்டும். பஞ்சுக்குப் பின்னால் வால் தொங்கினால் சிரிப்பில் மூழ்கி அடுத்த தகவல் போய்விடும். தமிழில் வினை கடைசியில் வருவது இதற்கு ஒரு வரம்: ‘தேடிட்டிருக்கார்’ வரும்வரை வாக்கியம் எங்கே போகிறது என்று தெரியாது. கூட்டம் இல்லாத பதிவில் முணுமுணுப்பு, ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறுவது, மூச்சு எல்லாம் ஜோக் ஆகலாம். லிஃப்ட் யோசனை அந்த ரகம். 300 பேர் சிரித்தால் அந்தச் சின்ன அறை கலைந்துவிடும். இதற்கு மாறாக, ‘ஜஸ்ட் எ மினிட்’ போலச் சிலர் உட்கார்ந்து விளையாடும் பேனல் ஷோவுக்குக் கூட்டம் இல்லாவிட்டால் உயிரே இருக்காது. அங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேலே பதிவு செய்து 28 நிமிடமாகச் செதுக்குவார்கள். அதனால் பேனல் ஷோ முன்மொழிவில் ஸ்கிரிப்டுக்குப் பதில் சுற்றுகளின் விதிகளையும், ஒவ்வொரு சுற்றுக்கும் நிஜமாகவே கேட்கக்கூடிய 10 கேள்விகளையும் வைக்க வேண்டும். நாலு நண்பர்களை ஓர் அறையில் உட்காரவைத்து விளையாடிப் பாருங்கள். விதியை விளக்க 30 நொடிக்கு மேல் ஆனால் விதி சரியில்லை. யார் ஜெயித்தார் என்பதில் எல்லோரும் அக்கறை காட்டினாலும் சரியில்லை. அது வினாடி வினா ஆகிவிட்டது.

ஸ்கெட்ச் ஷோ (தனித்தனிக் குறுங்காட்சிகளின் தொகுப்பு) விற்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ‘விதவிதமான சிரிப்புத் துணுக்குகள்’ என்பதில் வாங்க ஒன்றுமில்லை. எல்லா ஸ்கெட்சையும் கட்டும் ஒரு கயிறு வேண்டும்: ஒரே அலுவலகம், ஒரே நாள், ஒரே பொய்யான வானொலி நிலையம், எதுவானாலும். ஒருவரே மேடையில் நின்று பேசும் ஸ்டாண்டப் என்றால் ஆளைத்தான் வாங்குகிறார்கள். மேடையில் பதிவு செய்த 5 நிமிடம், வெட்டு ஒட்டு இல்லாமல், முன்மொழிவைவிட அதிகம் பேசும்.

புதியவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. பிபிசியில் 1970 முதல் 1998 வரை ஓடிய ‘வீக் எண்டிங்’, பின்னால் 2009-இல் வந்த ‘நியூஸ்ஜாக்’ போன்ற செய்தி நையாண்டி நிகழ்ச்சிகள் அறிமுகம் இல்லாதவர்கள் எழுதிய துணுக்குகளையும் எடுத்துக்கொண்டன. இம்மாதிரி நிகழ்ச்சி உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், சொந்தத் தொடரை முன்மொழிவதற்கு முன் அங்கே சில வாரம் ஒற்றை வரி ஜோக்குகள் அனுப்புவது புத்திசாலித்தனம். ஒலிபரப்பான 40 நொடித் துணுக்கு ஒன்று, ஒலிபரப்பாகாத மூன்று தொடர்களைவிடப் பெரிய அறிமுகச் சீட்டு.

செலவை எழுத்தாளர் கவலைப்பட வேண்டியதில்லை என்பார்கள். கவலைப்பட வேண்டாம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். வானொலியில் விண்வெளிக் கப்பலுக்கும் சமையலறைக்கும் ஒரே விலை. பணம் போவது ஆட்களுக்கும் நாட்களுக்கும். ஒவ்வொரு கூடுதல் நடிகரும் ஒரு சம்பளம். அதனால் ஒரே நடிகர் இரண்டு மூன்று சின்னப் பாத்திரங்களைப் பேசும்படி எழுதுவது பழைய வழக்கம். அந்த இரண்டு பாத்திரங்களும் ஒரே காட்சியில் சந்தித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சரிபார்க்காமல் போனால் ஒலிப்பதிவு அன்றுதான் தெரியும். கூட்டத்தின் முன் பதிவு செய்யும் சிட்காம்களில் ஒரே மாலையில் இரண்டு எபிசோடு பதிவாவது உண்டு. ஆகவே விருந்தினர் பாத்திரம் ஒன்று அடுத்தடுத்த இரண்டு எபிசோடிலும் வந்தால் தயாரிப்பாளர் உங்களை வாழ்த்துவார். புகழ்பெற்ற பாடலிலிருந்து 10 நொடி என்று ஸ்கிரிப்டில் எழுதும் முன் அதற்கு உரிமம் வாங்க வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரபல நடிகர் விஷயம். சம்மதம் எழுத்தில் இல்லாமல் பெயரைப் போடாதீர்கள். எடிட்டர் அந்த நடிகரின் முகவருக்கு ஒரு போன் போட்டால் போதும், ‘அப்படி யாரும் பேசவில்லையே’ என்று வந்துவிடும். பிறகு உங்கள் முன்மொழிவில் உள்ள எந்த வரியையும் நம்ப மாட்டார்கள். ‘இந்தக் குரலை மனதில் வைத்து எழுதியது’ என்று நேர்மையாக எழுதலாம். அது போதும்.

யோசனையைத் திருடிவிடுவார்களோ என்ற பயமும் எல்லோருக்கும் வரும். பதிப்புரிமை வெளிப்பாட்டுக்குத்தான், வெறும் யோசனைக்கு இல்லை. அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. ‘லிஃப்ட் அவசர மையம்’ என்பதை யாரும் எழுதலாம். சாரதாவின் வசனத்தை எடுக்க முடியாது. ஆகவே எவ்வளவு எழுதியிருக்கிறீர்களோ அவ்வளவு பாதுகாப்பு. தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பதற்கு முன்பே ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால் பெரும்பாலும் வாசிக்காமல் திருப்பி அனுப்புவார்கள். ஒரே வாரத்தில் ஒரே யோசனை நாலு பேரிடமிருந்து வருவது இந்தத் தொழிலில் சாதாரணம். செய்தியில் ஒரு விஷயம் அடிபட்டால் அடுத்த சுற்றில் அதைப் பற்றி ஒரு கட்டு வந்து விழும்.

நையாண்டி எழுதுகிறவர்கள் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். அவதூறு, நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு, தேர்தல் காலம் இந்த மூன்றும்தான் கடைசி நேரத்தில் ஸ்கிரிப்டை வெட்டும். ‘ஜோக்குக்காகச் சொன்னேன்’ என்பது பல நாடுகளில் முழுத் தற்காப்பு ஆகாது. அன்றாடச் செய்தியை நம்பிய யோசனை என்றால், பதிவுக்கும் ஒலிபரப்புக்கும் நடுவே எத்தனை நாள் இருக்கலாம் என்று எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒலிபரப்பாகும் ஸ்லாட்டுக்கு இந்த வார அமைச்சரைப் பற்றிய ஜோக் அனுப்புவது, கெட்டுப்போகும் தேதி தாண்டிய சரக்கை விலைபேசுவது போல.

நேரில் கூப்பிட்டால் பெரும்பாலும் 15, 20 நிமிடம்தான். காகிதத்தைப் பார்த்து வாசிக்காதீர்கள், அதை அவர்கள் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். இரண்டு நல்ல குரல்களை வைத்து 2 நிமிட மாதிரி ஒலிப்பதிவு ஒன்று கைவசம் இருக்கட்டும். தரம் முக்கியம்: எதிரொலிக்கும் வெற்று அறையில் பதிவு செய்தால் ஜோக் எடுபடாது, துணிகள் தொங்கும் சின்ன அறை நல்லது. வசனத்தை நீங்களே எல்லாக் குரலிலும் பேசிக் காட்டுவது ஆபத்து; நன்றாகச் செய்தால் உங்களை நடிக்கக் கூப்பிடுவார்கள், தொடரை மறந்துவிடுவார்கள். அவர்கள் ஒரு மாற்றம் சொன்னால் உடனே ‘சரி’ என்று தலையாட்டவும் வேண்டாம், மல்லுக்கட்டவும் வேண்டாம். ‘சாரதா இளம்பெண்ணாக இருந்தால் என்ன?’ என்று கேட்டால், அந்த மாற்றத்தில் ஊற்று அடைபடுமா என்று அவர்கள் முன்னாலேயே வாய்விட்டு யோசியுங்கள். (அடைபடும். 30 வருட டீச்சர் போய்விட்டால் திருத்தும் அதிகாரமும் போய்விடும்.) பிறகு வயதைத் தொடாமல் அவர்கள் கேட்கும் இளமையை வேறெங்கே வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

மாற வேண்டியது மாறத்தான் செய்யும். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் 1977-இல் பிபிசிக்குக் கொண்டுபோன முதல் யோசனை ஆறு தனித்தனிக் கதைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் பூமி ஒவ்வொரு விதமாக அழியும். முதல் கதையை எழுதும்போது வேற்றுக்கிரகவாசி ஒருவர் பூமிக்கு வந்ததற்குக் காரணம் தேவைப்பட்டது. பயண வழிகாட்டி நூலுக்குத் தகவல் சேகரிக்க வந்தவர் என்று வைத்தார். அந்த வழிகாட்டியே மொத்தத் தொடரையும் விழுங்கி, 1978 மார்ச்சில் ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ ஆக ஒலித்தது. பூமி ஒரே தடவைதான் அழிந்தது, அதுவும் முதல் எபிசோடிலேயே.

இல்லை என்ற பதில் பெரும்பாலும் மூன்று நாலு வாக்கியத்தில் வரும், அதைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். ‘இதுபோல ஒன்று ஏற்கெனவே தயாரிப்பில் இருக்கிறது’ என்றால் நம்புங்கள், அது பெரும்பாலும் உண்மை. யோசனையை ஒரு வருடம் கிடப்பில் போடுங்கள். ‘தொனி எங்களுக்குச் சரிப்படவில்லை’ என்றால் ஸ்லாட் தப்பு. ‘பாத்திரங்கள் பிடித்தன’ என்று மட்டும் இருந்தால் கதை நிற்கவில்லை என்று பொருள். ‘அடுத்து என்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்று ஒரு வரி இருந்தால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மாதத்துக்குள் அதற்குப் பதில் அனுப்புங்கள்; அந்த வரியை மரியாதைக்காக யாரும் எழுதுவதில்லை. அதே முன்மொழிவைத் தலைப்பை மட்டும் மாற்றி அடுத்த சுற்றில் அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள், பழையவை எல்லாம் கணினியில் இருக்கின்றன. திருத்தி அனுப்புகிறீர்கள் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு என்ன மாறியது என்று எழுதுங்கள்.

சரி என்ற பதிலும் ஒரே வகையல்ல. ஒரு ஸ்கிரிப்டுக்கு மட்டும் பணம் கொடுத்து எழுதச் சொல்வது ஒன்று. பைலட் பதிவு செய்வது இன்னொன்று. நேரே தொடர் என்பது அரிது. தயாரிப்பு நிறுவனம் ஆப்ஷன் (யோசனையைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தங்களுக்கென்று ஒதுக்கிவைக்கும் உரிமை) கேட்டால், எத்தனை மாதம் என்று பாருங்கள். 12 மாதம் நியாயம். முடிவு தேதியே இல்லாத ஆப்ஷன் என்றால் உங்கள் யோசனை அவர்கள் அலமாரியில் பூட்டப்பட்டது என்று அர்த்தம். நிகழ்ச்சி வடிவத்தின் (ஃபார்மேட்) உரிமை யாருக்கு, இரண்டாவது தொடரை வேறு யாராவது எழுதினால் உங்களுக்கு என்ன கிடைக்கும், டிவிக்குப் போனால் என்ன, பாட்காஸ்டாகவும் மறுஒலிபரப்பாகவும் போனால் என்ன, ‘உருவாக்கியவர்’ என்று பெயர் வாசிக்கப்படுமா: இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். போட்ட மறுநாள் நாலாவது எபிசோடை எழுதத் தொடங்குங்கள். முதலாவதைத் தயாரிப்பாளர் எப்படியும் ஐந்து தடவை திருத்தச் சொல்வார். அந்தத் திருத்தங்களுக்கு நடுவில் மெக்கானிக் லிஃப்டுக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.